ஒத்தப்பனை மாடன் கேட்ட இரண்டு கேள்வி

நூல்மில் காலனி இரண்டாம் தெருவில், குத்தாலிங்கம் வீட்டு வைஃபை பெட்டிக்கு ஒத்தப்பனை மாடன் காவலுக்கு வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. இதில் தெருவுக்குள் இரண்டு கருத்து கிடையாது. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பிச்சம்மாவின் கைப்பேசியில் மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கிய இடத்தில் நாடகம் அப்படியே நின்றது, பக்கத்து வீட்டு மாசானமுத்து கேட்டுக்கொண்டிருந்த வில்லுப்பாட்டு 'ஆமா' போடுகிற இடத்தில் அறுந்தது, இலைகூட அசையாத தெருவில் சுருட்டு வாசம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்து போனது. மாடன் வந்ததில் யாருக்கும் அதிசயம் இல்லை. காவல் தெய்வம் காவலுக்கு வராமல் கல்யாணத்துக்கா வரும்? கூப்பிட்டது யார், யாரைப் பிடிக்கக் கூப்பிட்டது என்பதுதான் தெருவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கூப்பிட்டது குத்தாலிங்கம்தான். ஆற்றங்கரை நூல்மில்லில் இருபத்தெட்டு வருடம் கேட் சூப்பர்வைசராக இருந்து, மில்லை மூடியபோது கடைசி ஆளாகக் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், அவர் "யாரு?" என்பார், பெயரும் டிபார்ட்மெண்டும் சொல்ல வேண்டும், "மடியில என்ன?" என்பார், வேட்டி மடிப்பையும் தூக்குவாளியையும் திறந்து காட்ட வேண்டும். நடையைப் பார்த்தே நூல்கண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று மில்லில் பேச்சு. மில் போனது, சம்பளம் போனது, சீருடை போனது, அந்தக் கண் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. மாடியில் காயப்போட்ட வற்றலை எண்ணி வைப்பார். பால்காரர் போன பிறகு வாசல் கேட்டின் கொண்டியை இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார். தொடுதிரைக் கைப்பேசி வழியாக ஆள் வீட்டுக்குள் வந்துவிடுவான் என்று மனைவி வடிவுக்கு அதை வாங்கித் தரவே இல்லை. ஒரு பட்டன் போன், ஹாலில் வாசலைப் பார்த்தபடி ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மேலே பலகையில் வைஃபை பெட்டி; வெளியுலகம் அந்த வீட்டுக்குள் வர அவ்வளவுதான் வழி.

கம்ப்யூட்டரின் மூலையில் ஐந்து கோடு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. தெரு முழுக்க மில்காரர்கள். ஒரு காலத்தில் அவர் முன்னால் கையைத் தூக்கி நின்றவர்கள். "நூலை விடாதவனுக, காத்துல போறத விடுவானுகளா?" என்று வடிவிடம் சொன்னார். உள்ளதைச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அவர் சந்தேகம் சரி. பாஸ்வேர்டாக மில் கேட்டின் பழைய போன் நம்பரை வைத்திருந்தார். அது தெருவில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். பிறகு தன் டோக்கன் நம்பர், பிறகு வேலைக்குச் சேர்ந்த வருடம் என்று மூன்று முறை மாற்றினார். மூன்று முறையும் இரண்டே நாளில் தெரு கண்டுபிடித்துவிட்டது. அந்த மனிதருக்குள் எத்தனை நம்பர்தான் இருந்துவிடப் போகிறது?

அப்போதுதான் அவருக்குப் பின்சுவர் ஞாபகம் வந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதில் ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தார்கள். 'மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்' என்று எழுதிப் பார்த்தார், எழுத்தின் மேலேயே இருந்தார்கள். சாமி படம் போட்ட ஒரே ஒரு டைல்ஸைப் பதித்தார், மறுநாளிலிருந்து சுவர் காய்ந்துவிட்டது. அதே வைத்தியம் இதற்கும் கேட்கும் என்று கணக்குப் போட்டு, தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணிய விரல்களால், வைஃபையின் பெயரை அழித்துவிட்டு 'ஒத்தப்பனை மாடன்' என்று புதுப்பெயர் வைத்தார். மாடன் மில் கேட்டுக்கு வெளியே ஒற்றைப் பனைக்கு அடியில் கல்லாக நிற்கிறவன், மில் கட்டுவதற்கு முன்பிருந்தே நிற்கிறவன், வருடத்துக்கொரு கொடை வாங்கிக்கொண்டு ஊர் எல்லையைப் பார்த்துக்கொள்கிறவன். பெயர் வைப்பதும் கூப்பிடுவதும் அவனிடத்தில் ஒன்றுதான். எல்லையில் நிற்கிற சாமியை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை என்பது தெரிந்தும், கள்ளனைப் பிடிக்கிற அவசரத்தில் குத்தாலிங்கம் அதை மறந்துபோனார்.

பெயர் மாறியதும் கோடுகள் விறுவிறுவென்று ஐந்தாக ஏறின. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, தன் வீட்டு வைஃபையில் தானே முதலில் நுழையலாம் என்று அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்க வேண்டிய கட்டத்தில், 'யாரு?' என்று இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'குத்தாலிங்கம். வீட்டுக்குச் சொந்தக்காரன்' என்று தட்டினார்.

'மடியில என்ன?'

'ஒண்ணுமில்ல.'

'கனம் இருக்கு. நில்லு.'

அது அவருடைய வார்த்தை. எழுத்துக்கு எழுத்து, கேட்டில் அவர் சொன்ன வார்த்தை. எவனோ உள்ளே புகுந்துகொண்டு நக்கல் செய்கிறான் என்று எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். சிரிக்கிற முகம் ஒன்றைத் தேடினார். தெருவில் எல்லாருமே தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அவர்களிடமும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது. முதலில் பதில் சொன்னவர் மாசானமுத்து. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் மைக் படத்தை அழுத்தி, மில் வரிசைப் பழக்கத்தில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, "மாசானமுத்து, புளோரூம்" என்றார். மடியில் என்ன என்று கேட்டதும் சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "காராச்சேவு, கால் கிலோ. டாக்டரு திங்கக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம், சூப்பர்வைசர் வீட்டு வைஃபை. நாலு வருசமா" என்றார். 'போ' என்று வந்தது. வில்லுப்பாட்டில் 'ஆமா' விழுந்தது. அடுக்களையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

இப்படித்தான் தெரு பழகியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைப்பேசியைத் தொட்டார்கள். வியாழக்கிழமைக்குள் குத்தாலிங்கத்தின் காம்பவுண்டு சுவர்மேல் இரண்டு சுருட்டும் ஒரு சீப்புப் பழமும் இருந்தன, கேபிள் வயரில் யாரோ எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் சுவரோரம் திரும்பி நின்று எழுதினார்கள், தெரியாதவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள், என்ன பொத்தினாலும் காற்று சும்மா இருக்குமா? பிச்சம்மா மருமகள் வைத்த குழம்பில் வேண்டுமென்றே உப்பள்ளிப் போட்டது வெளியே வந்தது. ஒரு வீட்டில் பேச்சு நின்றது, இன்னொரு வீட்டில் ஆறு வருடமாக நின்றிருந்த பேச்சு தொடங்கியது. சட்டென்று உள்ளே போய்விட்டவர் மேல் ஒரு சந்தேகம், நேரமெடுத்தவர் மேல் இரண்டு சந்தேகம். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில்கூட ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் கத்தரிக்காய் பொறுக்கினார்கள்.

பெரிய சந்தேகம் குத்தாலிங்கம் மேல்தான். மில்லை மூடினாலும் மனுசன் கேட்டைக் கழற்றிக்கொண்டு வந்து தெருவில் மாட்டிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மாடனுக்கு இந்தக் கேள்வி எப்படித் தெரியும்? பனைக்கு அடியில் நின்று இருபத்தெட்டு வருடம் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டான் என்று ஒரு கட்சி. சாமிக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான் என்று இன்னொரு கட்சி. கடைசியில் பிச்சம்மா, மில்லில் வைண்டிங் டிபார்ட்மெண்டில் இருந்தபோதே யாருக்கும் பயப்படாதவள், வாசலில் வந்து நின்று நேராகவே கேட்டாள்.

"அண்ணாச்சி, நாங்க மாடங்கிட்ட சொல்லுதது எல்லாம் ஒங்க கம்ப்யூட்டர்ல வந்து விழுதாம்லா? உண்மையா?"

"எங்க விழ?" என்று குத்தாலிங்கம் வெடித்தார். "எனக்கே திறக்க மாட்டேங்கான்!"

வாயைவிட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பிச்சம்மா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள், பார்வை இடுப்பு மடிப்பில் ஒரு கணம் நின்றது, திரும்பிப் போனாள். உப்பள்ளிப் போட்டவளை விடுகிற மாடன், காராச்சேவு தின்றவரை விடுகிற மாடன், சொந்தக்காரரை ஏன் விடவில்லை? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க இதுதான் பேச்சு. அவர் கடைக்குப் போனால் முதுகில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் நடையைப் பார்த்தவருக்கு முதல்முறையாகத் தன் நடை எப்படி இருக்கிறது என்று கவலை வந்தது. சாதாரணமாக நடக்கப் பார்த்து, கால் மாறிக் கால் தடுக்கியது.

இது போதாதென்று அன்றைக்கு மாலையே பிச்சம்மா மறுபடி வந்தாள். இந்த முறை வடிவைத் தேடி.

"மதினி, எம்மக அன்னம் பேசினா. ஒங்க கோமதி சொல்லிவிட்டிருக்காளாம். ஞாயித்துக்கிழமை காலம்பற பத்து மணிக்கு வீடியோவுல வாராளாம், ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல. ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருக்கணுமாம். வாசல் தெரியணுமாம். அடுத்த வாரம் கனடாவுக்குப் போறா, நாலு வருசமாம் மதினி. இந்த ஒரு தடவதான் கூப்பிடுவாளாம்."

வடிவு அடுப்பை அணைக்காமலேயே வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றாள். மகள் குரலைக் கேட்டு இரண்டரை வருடம், முகத்தைப் பார்த்து மூன்று வருடம்.

கோமதி அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, பீரோவில் இருந்த இரண்டு தங்க வளையல்களைக் காணவில்லை. வடிவின் அம்மா வீட்டு வளையல், கோமதிக்கென்றே வைத்திருந்தது. குத்தாலிங்கம் வீட்டைப் புரட்டினார், கிடைக்கவில்லை. ஆட்டோ வந்து நின்றது. மகள் வாசற்படியில் கால் வைத்தபோது, தெரு முழுக்க வழியனுப்ப நின்றபோது, அவர் வாயில் அந்த இரண்டாவது கேள்வி தானாக வந்தது. பையை வாங்கினார். திறந்தார். துணியையெல்லாம் வாசலிலேயே எடுத்துப் போட்டார். ஒன்றுமில்லை. கோமதி அழவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "இதையும் பாத்துருங்கப்பா" என்று அவர் முன்னால் நின்றாள். பிறகு துணியை அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து வடிவு பட்டன் போனில், "எடுத்திருந்தா சொல்லிரு மக்ளே, அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று கேட்டுவிட, அந்தப் பேச்சும் அன்றோடு முடிந்தது.

தெருவுக்கு இவ்வளவுதான் தெரியும். மீதி குத்தாலிங்கத்துக்கு மட்டும் தெரியும். வளையலை எடுத்தது அவரேதான். திருச்செந்தூர் போய்வரும்போது வீட்டில் கள்ளன் புகுந்தால் என்ன செய்வது என்று பீரோவிலிருந்து எடுத்து அரிசி டிரம்மில் போட்டார். கள்ளன் முதலில் டிரம்மில்தான் கைவிடுவான் என்று தோன்றவே கிரைண்டருக்கு அடியில் மாற்றினார். அங்கிருந்து பரணுக்கு, பரணிலிருந்து தலையணைக்கு, இப்படி ஒன்பது இடம் மாற்றி, பத்தாவதாக எங்கே வைத்தோம் என்பதை அடியோடு மறந்துபோனார். மகள் போய் எட்டாவது மாதம், கம்ப்யூட்டரின் காற்றாடி கரகரக்கிறதே என்று தூசி தட்டப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், வயர்களுக்கு நடுவில் மஞ்சள் துணி முடிச்சு. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வடிவைக் கூப்பிட வாயைத் திறந்தார். வாசல் தெரிந்தது, வாசலில் சிதறிய துணி தெரிந்தது, இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் தப்பான ஆளைப் பிடித்ததில்லை என்ற பெயர் தெரிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்து, முடிச்சை இருந்த இடத்திலேயே வைத்து, நாலு ஸ்குரூவையும் முடுக்கினார். நாளை நாளை என்று இரண்டேகால் வருடம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை கேபிள் ஆபீசிலிருந்து ஞானதுரை வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசுவார். பெட்டியை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பழைய பெயரை மறக்கச் சொன்னார், புதுப் பெயரை மறக்கச் சொன்னார், பெட்டியை ஃப்ரிஜ்ஜிலிருந்து தள்ளி வைத்தார், பீரோக் கண்ணாடியைத் துணியால் மூடினார். பிளக்கைப் பிடுங்கியபோதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. வயர் போட்டு நேராக மாட்டினார். வயர் வழியாகவும் 'யாரு?' என்றுதான் வந்தது. தன் கைப்பேசியில் மட்டும், 'ஞானதுரை. மடியில ஸ்குரூடிரைவரு, ரெண்டு வீட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போகாதது' என்று எழுதி ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டார்.

"பெட்டியில ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி," என்றார். "சாமி நிக்கது எங்க டிபார்ட்மெண்ட் கிடையாது. புகார்ப் புத்தகத்துல 'காவல்'னு எழுதி வச்சுக்கிடுதேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். வேற எதுலயும் தடையில்ல, இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் நிப்பாட்டுதாரு. உள்ள வைஃபை கார்டு லூசா இருக்கும். தகட்டக் கழத்திப் பாத்துருவமா?"

அவர் குனிந்து ஸ்குரூவில் கை வைத்ததும் குத்தாலிங்கம் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"அதத் தொடாதீரும்!"

"பாக்கத்தான அண்ணாச்சி?"

"பாக்கவும் வேண்டாம். உள்ள இருக்க சாமானைக் கழத்தி மாத்திட்டுப் போறது எனக்குத் தெரியாதாக்கும்?"

ஞானதுரை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வடிவும் பார்த்தாள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று வடிவுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் கட்டிய நாளிலிருந்து அவர் இப்படித்தான் என்பதால் அவள் மறுபடி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, கதவைத் தாழிட்டு, அவரே தகட்டைக் கழற்றி முடிச்சை எடுத்து அரிசி டிரம்மின் அடியில் புதைத்தார். வந்து உட்கார்ந்து தட்டினார். 'கனம் இருக்கு. நில்லு.' எடுத்துப் பரணில் போட்டார். 'கனம் இருக்கு. நில்லு.' பின்சுவருக்கு அந்தப் பக்கம் முருங்கைமரத்தடியில்கூட வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். எங்கே வைத்தாலும் மாடனுக்கு அது அவர் மடியில்தான் இருந்தது. வடிவின் செருப்புச் சத்தம் கேட்கவும், வேறு எந்த இடத்தையும் நம்பமுடியாமல், ஓடிப்போய் எடுத்து மறுபடி கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்து மூடினார். மகள் வராமல் போனால் வளையல் கதை வெளியே வராது என்று மனதின் ஒரு ஓரம் சந்தோஷப்பட்டது. அந்த ஓரத்தை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வடிவு விடியும் முன்பே குளித்து, நல்ல சேலை கட்டி, கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு, தெரிய வேண்டும் என்று மகள் சொன்ன வாசற்படியைத் தேய்த்துக் கழுவினாள். கம்ப்யூட்டரின் கேமரா அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தெரு ஆட்கள் காம்பவுண்டு சுவருக்கு வெளியே ஏதோ தற்செயலாக வந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராகக் கூடினார்கள். ஒன்பதரையிலிருந்து குத்தாலிங்கம் தட்டிக்கொண்டே இருந்தார். மடியில் பென்சன் புத்தகம் என்றார், மடியில் வயசு என்றார், மடியில் பயம் என்றார். நில்லு, நில்லு, நில்லு என்றான் மாடன். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிச்சம்மா பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தாள்.

"மதினி, இந்தாங்க ஏம் போனு. இதுல வரச் சொல்லுதேன் அவள."

"வேண்டாம் பிச்சம்மா," என்றாள் வடிவு. "வீட்டுக்குள்ள கூப்பிடுன்னு கேக்கா எம்மக. அவள மறுபடியும் வாசல்ல வச்சுப் பேசமாட்டேன்." பிறகு கணவனிடம் திரும்பினாள். "எம்பேரப் போடுங்க. நான் கேக்கேன் மாடங்கிட்ட."

அவர் போட்டார். மடியில் என்ன என்று வந்தது.

"ஒண்ணுமில்ல சாமி," என்றாள் வடிவு.

'கனம் இருக்கு. நில்லு.'

வடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ரேஷன் கடைச் சீட்டு ஒன்று விழுந்தது. முந்தானையை உதறினாள். இடுப்புச் சுருக்குப்பையைத் திருப்பிக் காட்டினாள். "நான் எதையும் எடுக்கலியே சாமி" என்று திரையிடம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. குத்தாலிங்கம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அப்பம் அதுதான்," என்றாள் வடிவு. "அதத்தான் கேக்காரு. போடுங்க."

"எத?"

"பெத்த மகளத் திருடின்னு நெனச்சேன். போன்லயே கேட்டேன். மூணு வருசமா ராத்திரியும் பகலும் அந்த நெனப்பத்தான் மடியில கட்டிக்கிட்டுக் கெடக்கேன். போடுங்க."

அவர் போட்டார். 'பெற்ற மகளைத் திருடி என்று நினைத்தேன்.' லோயர் பாஸ் பண்ணிய விரல்கள் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தன. மணி பத்துக்கு மூன்று நிமிடம். அடித்து முடித்து அனுப்பினார்.

'கனம் இருக்கு. நில்லு.'

வடிவு கீழே விழுந்த ரேஷன் சீட்டை எடுத்து நான்காக மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். வேறு என்ன பாவம் செய்தோம் என்று அவள் தனக்குள் தேடுவது அவருக்குத் தெரிந்தது. கேட்டில் எத்தனையோ பேரை அவர் நிறுத்தியிருக்கிறார். ஒருவர் கனத்துக்கு இன்னொருவரை நிறுத்தியது இல்லை என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அவரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஸ்குரூடிரைவரை எடுத்துவந்தார். எல்லாரும் பார்க்க, தரையில் சம்மணமிட்டு, நாலு ஸ்குரூவையும் கழற்றி, தகட்டை எடுத்து, உள்ளே கைவிட்டு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வடிவின் கையில் வைத்தார்.

அவள் அவிழ்த்துப் பார்த்தாள்.

"எப்பம் கெடச்சுது?"

"ரெண்டேகால் வருசம் ஆச்சு."

வடிவு வளையலைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். "எங்கிட்டச் சொல்லாதீங்க," என்றாள். "அவகிட்டச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். 'யாரு?' என்று திரை கேட்டது. தட்டுகிறதை அப்படியே வாய்விட்டும் சொன்னார், ஷிப்ட் விடும்போது கடைசி ஆளுக்கும் கேட்கிற அந்தப் பழைய மில் கேட் குரலில். "குத்தாலிங்கம். மகள் பையத் தெருவுல வச்சுத் தெறந்தவன்." மடியில என்ன? "ரெண்டு வளையல். ஒளிச்சு வச்சதும் நாந்தான். கெடச்சத மறச்சதும் நாந்தான். அவ எடுக்கல."

'போ.'

ஐந்து கோடும் ஏறி நின்றன. பலகையிலிருந்து சுருட்டு வாசம் இறங்கி, ஹாலைக் கடந்து, கழுவிய வாசற்படியைத் தாண்டித் தெருவுக்குப் போனது. மாசானமுத்துவும் மற்றவர்களும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது ஆற்றங்கரையைப் பார்த்து நடந்து போய்விட்டது. கம்ப்யூட்டர் மணி அடிக்கத் தொடங்கியது.

கோமதி மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். குத்தாலிங்கம் வளையலைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "இதுக்குள்ளதாம்மா கெடந்துச்சு. நாந்தான் வச்சேன். வச்சு மறந்துட்டேன். பெறகு மறைச்சுட்டேன்" என்றார். அவள் வளையலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சுவருக்கு வெளியே யாரோ தும்மியது நன்றாகக் கேட்டது.

"அம்மாகிட்டக் குடுங்க," என்றாள் கோமதி.

அவர் வளையலை வடிவின் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து நாற்காலியை விட்டு விலகினார். வடிவு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன மக்ளே இப்படி எலும்பா இருக்க, சாப்பிடுதியா இல்லியா என்று தொடங்கிவிட்டாள். கனடாவில் குளிர் அதிகமாம், கம்பளி வாங்கியாயிற்றா, யார் கூடப் போகிறாள், சமையல் யார்? கோமதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். குத்தாலிங்கம் மெல்ல நடந்துபோய் வாசற்படியில் நின்றார். அன்றைக்கு அவள் நின்ற அதே இடம். முன்னால் மகள், முதுகுக்குப் பின்னால் தெரு. சட்டைப் பையில் இருந்ததை எடுத்துத் தரையில் வைத்தார். வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறிக் கட்டினார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

யாரும் அவரைச் சோதிக்கவில்லை. யாரும் போகவும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் மற்றவர்களைத் தூக்க வைத்த மனிதருக்கு, கையைத் தூக்கி நின்றால் நாலு நிமிடத்தில் தோள் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை இறக்கவில்லை. உள்ளே வடிவு மிளகாய்ப்பொடி கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோமதி பதில் சொல்லிக்கொண்டே அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்தாள், பார்வையை விலக்கினாள், மறுபடி பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது.

"யம்மா," என்றாள். "அப்பாவக் கைய எறக்கச் சொல்லு."